தீக்குச்சி சொன்ன சேதி

காந்திதாமுக்குக் குடிவந்த புதிதில், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் 'அசல் கட்ச் கம்பளி' என்று நாலைந்து சால்வைகளை வாங்கிப் போவது என் வழக்கம். மாமியாருக்கு ஒன்று, பெரிய நாத்தனாருக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று. திருநெல்வேலி வெயிலில் கம்பளியை யார் போர்த்திக்கொள்வார்கள் என்று கேட்காதீர்கள். மார்கழி மாதக் கோவில் வாசலில் அதற்கிருந்த மரியாதையே தனி!

போன குளிர்காலத்தில் புஜோடிக்குப் போயிருந்தோம். புஜ் நகரிலிருந்து 8 கிலோமீட்டரில் உள்ள நெசவாளர் கிராமம். ஒரு வீட்டுத் திண்ணையோரம் குழித்தறியில் பெரியவர் ஒருவர் நெய்துகொண்டிருந்தார். பெருமையாக என் பழைய சால்வையை அவரிடம் நீட்டினேன். தடவிப் பார்த்துச் சிரித்தார். "தீப்பெட்டி இருக்கிறதா, பென்?" என்றார். ஓரத்துக் குஞ்சத்தில் ஒரே ஒரு நூலை உருவிப் பற்றவைத்தார். உருகிச் சொட்டி, கறுப்பு மணியாக இறுகியது. பிளாஸ்டிக் வாடை. பிறகு தன் தறியிலிருந்து ஒரு நூலைக் கொளுத்தினார். முடி கருகும் நாற்றம்; விரலால் தொட்டதும் சாம்பல் பொடியாக உதிர்ந்தது.

இத்தனை வருஷமாக நான் ஊரெல்லாம் கொடுத்து மகிழ்ந்தது செயற்கை நூல்! கடைக்காரரைத் திட்ட வாயெடுத்தேன். பெரியவர் தடுத்தார். "நெய்தது எங்கள் ஊர் ஆளாகத்தான் இருக்கும், பென். அக்ரிலிக் நூல் மலிவு, பூச்சி அரிக்காது, கழுத்தில் குத்தாது. நாங்களும் அதைத்தான் பிடித்துக்கொண்டோம்."

பழைய கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். கட்ச்சில் ஆடும் ஒட்டகமும் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராய்த் திரியும் ரபாரி மக்கள் தங்கள் ஆட்டு ரோமத்தைத் தக்கிளியில் நூற்று, வண்கர் என்னும் நெசவாளரிடம் தருவார்கள். அவர் இரண்டு குறுகிய துண்டுகளாக நெய்து, நடுவில் மீன்முள் போன்ற தையலால் இணைப்பார். அதுதான் 'தாப்ளோ' என்னும் கனத்த போர்வை. இடையனுக்கு இரவில் படுக்கை, மழையில் குடை. ரபாரிப் பெண்களின் கறுப்புக் கம்பளி முக்காட்டுக்குக் கத்ரிகள் சாயமிட்டார்கள். கூலி பெரும்பாலும் நெய்யும் தானியமும்தான். இடையர், நெசவாளர், சாயக்காரர் மூவரும் ஒருவரையொருவர் நம்பிப் பிழைத்தார்கள்.

இதைக் குலைத்தது ஆலை நூல். 2001 ஜனவரி 26 பூகம்பம் தறிகளையும் சேர்த்துப் புதைத்தது. ஆனால் அதன் பிறகுதான் புது வழியும் பிறந்தது. 2005-ல் கலா ரக்ஷா வித்யாலயா, 2014-ல் எங்கள் பக்கத்து ஆதிப்பூரில் சோமையா கலா வித்யா என, கைவினைஞருக்கே வடிவமைப்புக் கற்றுத்தரும் பள்ளிகள் வந்தன. இரண்டையும் தொடங்கியவர் ஜூடி ஃப்ரேட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி. நகரத்து டிசைனர் வரைந்து கொடுப்பதை நெய்கிற கூலியாளாக இல்லாமல், தானே யோசித்துத் தன் பெயரில் விற்கிறார் நெசவாளர். வயிறார மகிழ வேண்டிய சங்கதி.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. அந்த அழகான, மெல்லிய புதுச் சால்வைகளில் பல மெரினோ கம்பளியில் நெய்தவை; ஆஸ்திரேலிய ஆட்டு ரோமம்! நெசவாளர் கரையேறினார், ரபாரி மட்டும் இக்கரையிலேயே நின்றுவிட்டார். ரோமம் கத்தரிக்கும் கூலிகூட விற்று வராததால், பலர் வெட்டியதை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்களாம்.

குக்மாவில் உள்ள கமீர் என்ற அமைப்பு இதைச் சரிசெய்யப் பார்க்கிறது. நாட்டு ரோமம் சொரசொரப்பு, சால்வைக்கு ஆகாது. ஆனால் தரைவிரிப்புக்கும் பைக்கும் அந்தச் சொரசொரப்புதானே பலம்? சாயமே இல்லாமல், ஆட்டின் வெள்ளையும் பழுப்பும் கறுப்புமாகவே கோடு போட்டு நெய்கிறார்கள். சும்மா இல்லை, சிரமமான வேலை. பெரியவரே அலுத்துக்கொண்டார்: "கையால் நூற்ற நூல் அறுந்துகொண்டே இருக்கும். கோதுமை மாவும் காட்டு வெங்காயமும் சேர்த்துக் கஞ்சி போட்டால்தான் பாவு நிற்கும். யாருக்குப் பொறுமை?"

ஒரு சிறிய விரிப்பு வாங்கினேன். என் சால்வையின் விலையைப்போல் மூன்று மடங்கு சொன்னார். வழக்கம்போல் பேரம் பேச நாக்கு துடித்தது. கையில் அந்தக் கறுப்பு மணி இன்னும் இருந்ததால் பேசாமல் கொடுத்தேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது பேப்பர் படிக்க அதில்தான் உட்காருகிறார். காலில் குத்துகிறது என்று தினமும் ஒரு முறை புகார் சொல்லிவிட்டு.

புஜ் பக்கம் வருகிற அன்பர்கள் கைப்பையில் ஒரு தீப்பெட்டி போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரைக் கேட்டுவிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு நூல் போதும்.