போர்க்கப்பலும் தூரிகையும்

பிரிட்டனின் கடல் ஓவிய மரபுக்கு வித்திட்டவர்கள் டச்சுக்காரர்கள். வில்லெம் வான் டி வெல்ட என்ற ஒரே பெயர்கொண்ட தந்தையும் மகனும் 1670-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் குடியேறினர். மன்னர் இரண்டாம் சார்லஸ் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு ஊதியம் தந்தார். தந்தை கோட்டோவியம் வரைய, மகன் வண்ணம் தீட்டினார்.

அடுத்த நூற்றாண்டில் கடற்படை வளர வளர, இந்த ஓவியங்களுக்கும் கிராக்கி கூடியது. வாங்கியவர்களில் தளபதிகளும் கப்பல் தலைவர்களும் இருந்தனர். காற்று வீசும் திசைக்கேற்பப் பாய் புடைத்திருக்கிறதா, கயிறுகள் உரிய இடத்தில் உள்ளனவா என்று பார்க்கத் தெரிந்த கண்கள் அவை. அழகு மட்டும் போதாது.

வணிகமும் ஓவியரை நாடியது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் லண்டன் தலைமையகத்துக்காக ஆறு குடியேற்றங்களின் காட்சிகளை வரையச் செய்தது. 1732-இல் அவை முடிந்தன. சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டை அவற்றில் ஒன்று. நிலக்காட்சி ஜார்ஜ் லாம்பர்ட்டுடையது, கப்பல்கள் சாமுவேல் ஸ்காட்டுடையவை. இருவருமே இந்தியாவைக் கண்டதில்லை!

கடற்போர்களை வரைந்த டொமினிக் செர் பிறந்தது பிரான்சில். புகழ்பெற்றதோ பிரான்சின் தோல்விகளையும் வரைந்து. 1768-இல் ராயல் அகாடமியின் நிறுவன உறுப்பினரானார், பின்னர் மூன்றாம் ஜார்ஜின் கடல் ஓவியரானார்.

மாலுமியாக இருந்து ஓவியரான நிக்கோலஸ் போகாக், பிரிட்டனும் பிரான்சும் மோதிய 1794 ஜூன் 1-ஆம் தேதிக் கடற்போரை ‘பெகாசஸ்’ கப்பலிலிருந்து நேரில் பார்த்துக் குறிப்பெடுத்தார். அதே போரை லூதர்பர்க் என்ற ஓவியர் 1795-இல் தீயும் புகையுமாகப் பிரமாண்டமாகத் தீட்டினார். கப்பல்கள் நின்ற நிலை சரியில்லை என்று கடற்படையினர் குறைசொன்னார்கள்.