ஷாம்பூவைக் கண்டுபிடித்தது முஸ்லிமா?

"ஷாம்பூவை இங்கிலாந்துக்கு அறிமுகப்படுத்தியவர் ஒரு முஸ்லிம். 1759இல் பிரைட்டன் கடற்கரையில் குளியல் நிலையம் திறந்தார்." இந்தச் செய்தி நம்மில் பலருக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். நாமும் பெருமையோடு பலருக்கு அனுப்பியிருப்போம். ஆனால் 1759 என்பது அவர் குளியல் நிலையம் திறந்த ஆண்டல்ல, பிறந்த ஆண்டு!

அவர் பெயர் ஷேக் தீன் முஹம்மது. ஊர் பாட்னா. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த தந்தை போரில் இறந்தபோது இவர் சிறுவர். பேக்கர் என்ற அதிகாரியுடன் படையில் சேர்ந்து, 1784இல் அவருடனேயே அயர்லாந்து சென்றார். 1794இல் தம் பயண அனுபவங்களை நூலாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அதுதான்.

1810இல் லண்டனில் 'ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்' என்ற உணவகத்தைத் திறந்தார். இந்தியர் ஒருவர் அங்கே தொடங்கிய முதல் இந்திய உணவகம் இது. இந்திய உணவும் ஹுக்காவும் கிடைத்தன. ஆனால் வியாபாரம் கைகொடுக்கவில்லை. 1812இல் திவாலானார். ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், பணியாளர் வேலை கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்.

அதோடு முடங்கிவிடவில்லை. பிரைட்டன் சென்று, மூலிகை நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் கொண்ட நிலையத்தை நடத்தினார். 'ஷாம்பூ' என்பது அன்று தலைக்குத் தேய்க்கும் திரவமல்ல. அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரு மன்னர்களுக்கும் 'ஷாம்பூ மருத்துவராக' நியமிக்கப்பட்டார். இவருடைய பேரன் ஃபிரெடரிக் அக்பர் முஹம்மது, உயர் ரத்த அழுத்த ஆய்வின் முன்னோடிகளில் ஒருவராக விளங்கிய மருத்துவர்.

அந்த வாட்ஸ்அப் செய்தி சொல்லாத இன்னொன்றும் உண்டு. அயர்லாந்தில் ஜேன் டேலி என்ற பெண்ணை மணந்த இவர், ஆங்கிலிகன் திருச்சபையைச் சேர்ந்தவரானார். 1851இல் இறந்தபோது பிரைட்டன் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்நிய மண்ணில் வாழ்ந்தவரின் இந்த முடிவு நமக்கு வருத்தம் தரலாம். அதற்காக அதை மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் பரப்புவது நியாயமாகாது.

வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது நம் மார்க்கம். கெட்ட செய்திக்கு மட்டுமல்ல, நமக்குப் பெருமை தரும் செய்திக்கும் அது பொருந்தும். ஆண்டைக்கூடச் சரிபார்க்காமல் நாம் அனுப்புவதைப் பிள்ளைகள் பள்ளியில் சொல்லி, தவறென்று அறிந்தால், நாளை நாம் சொல்லும் உண்மையையும் சந்தேகிப்பார்கள்.

திவாலான பிறகும் எழுந்து நின்ற ஒரு மனிதரின் கதை, மிகைப்படுத்தாமலே வியக்க வைக்கிறது. அதை அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்வோம்.