தாத்தா யாரை உதைத்தார்?

என் தாத்தா தூக்கத்தில் கத்துவார், காலால் உதைப்பார். ஒருநாள் பக்கத்தில் படுத்திருந்த பாட்டிக்குக் கன்னத்தில் அறையும் விழுந்தது. காலையில் கேட்டால், "நாய் துரத்துச்சு, அதைத்தான் விரட்டுனேன்" என்பார். பாட்டி கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினார். பேரப்பிள்ளைகள் நாங்கள் சிரித்தோம். ஆறு ஆண்டுகள் கழித்து அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார் மருத்துவர். கூடவே, "இவர் தூக்கத்தில் கை கால்களை வீசுவாரா?" என்றும் கேட்டார். பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கனவில் ஓடும் நாம் ஏன் படுக்கையைவிட்டு ஓடுவதில்லை? தெளிவான கனவுகள் பெரும்பாலும் ரெம் உறக்கத்தில்தான் வருகின்றன. (ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டு வந்தவன் நான், கலைச்சொல் தெரியாத இடத்தில் ஒலிபெயர்ப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.) 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இந்நிலையை வெளியிட்டனர். மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும். மூளை விழித்திருப்பதுபோல் இயங்கும். கை கால்கள் மட்டும் தளர்ந்து கிடக்கும். மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியிலுள்ள சிறு நரம்பணுக் கூட்டம் ஒன்று, தண்டுவடத்தின் வழியாகத் தசைகளை அடக்கி வைப்பதே காரணம். பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே 1960-களில் பூனைகளின் பான்ஸைச் சேதப்படுத்திப் பார்த்தார். உறக்கத்திலேயே அவை எழுந்து, இல்லாத இரைமேல் பாய்வதுபோல் நடந்துகொண்டன.

மனிதர்களிடம் இக்கோளாறை 1986-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷென்க், மஹோவால்ட் குழுவினர் விவரித்தனர். 1996-இல் அவர்களே எழுதியதுதான் திடுக்கிட வைத்தது: அவர்கள் கவனித்துவந்த முதிய ஆண்கள் 29 பேரில் 11 பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்துவிட்டது.

ஆல்ஃபா சினுக்ளின் என்னும் புரதம் நரம்பணுக்களுக்குள் கட்டிகட்டியாகச் சேர்வது இந்நோயின் அடையாளம். பலரிடம் அது மூளைத்தண்டின் அடியில் தொடங்கி மேலே ஏறுகிறது என்று ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் 2003-இல் விளக்கினார். வழியில் முதலில் இருப்பது தசையை அடக்கும் பகுதி. டோபமின் சுரக்கும் அணுக்கள் அதற்கும் மேலே உள்ளன. அவற்றில் பெரும்பங்கு அழிந்த பிறகே கை நடுங்கும். கயிறு கட்டிய அந்த ஆறு ஆண்டுகளும் நோய் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. பகலில் மெதுவாக நகர்ந்து, தணிந்த குரலில் பேசும் நோயாளிகள் கனவில் மட்டும் வேகமாக அசைந்து, உரக்கப் பேசுவதைப் பிரெஞ்சு ஆய்வொன்று 2007-இல் பதிவு செய்தது. தாத்தாவும் அப்படித்தான். சட்டைப் பொத்தான் போடவே தடுமாறுபவர், இரவில் கணீரென்று அதட்டுவார்.

தூக்கத்தில் உதைப்பவருக்கெல்லாம் பார்க்கின்சன் வரும் என்று பயப்பட வேண்டாம். சில மனச்சோர்வு மருந்துகளாலும் இப்படி நேரும். இரவு முழுவதும் தசையசைவைப் பதிவு செய்யும் உறக்கப் பரிசோதனைதான் உறுதி சொல்லும். மெலடோனின், குளோனசெபம் ஆகியவை உதைப்பதைக் குறைக்கலாம். நோயையே நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை.

தாத்தாவின் கட்டிலை இப்போது சுவரோரம் தள்ளிப் போட்டிருக்கிறோம். பாட்டி நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு அங்கேயேதான் படுக்கிறார்.