கொசு சாகாத மருந்து

1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் அதன் தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாக, அதுவரை மழையையும் ஏரியையும் நம்பியிருந்த பட்டுக்கோட்டை வட்டாரத்துக்கு வந்தது. அந்தக் கால்வாயை இன்றும் புது ஆறு என்றுதான் அங்கே சொல்கிறார்கள். நெல் வந்தது, மலேரியாவும் கூடவே வந்தது. பழைய டெல்டாவில் அவ்வளவாக இல்லாத குளிர்காய்ச்சல் புதுப் பாசனப் பகுதியில் மட்டும் பரவியது ஏன் என்று கண்டறிய, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் குழுவினர் அங்கே பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

அனோபிலிஸ் குலிசிஃபாசிஸ் என்ற கொசுதான் நோயைப் பரப்பியது. நடவு முடிந்து தண்ணீர் வெளியே தெரியும் வயலில் அது முட்டையிடும். பயிர் ஓரடி வளர்ந்து அடர்ந்துவிட்டால் ஒதுங்கிவிடும். ரஸ்ஸலும் டி. ராமச்சந்திர ராவும் நாற்றுக்குப் பதிலாகத் தண்ணீரில் கண்ணாடிக் குச்சிகளைச் செங்குத்தாக நட்டுப் பார்த்தார்கள்; அப்போதும் கொசு முட்டையிடத் தயங்கியது. வயலைவிட மோசமாக இருந்தவை கால்வாய்க் கரையின் கசிவு, மண் வெட்டிய பள்ளங்கள், வடியாமல் நின்ற வாய்க்கால்கள். ஒழுங்கில்லாத பாசனமே மலேரியாவை வளர்க்கிறது என்று ரஸ்ஸல் 1938-இலேயே எழுதினார். தொண்ணூறு ஆண்டுகளாகப் போகிறது, இந்தப் பாடத்தை நாம் இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ரஸ்ஸல் காலத்தில் கொசுவைக் கொல்ல வீடுகளுக்குள் அடித்துப் பார்த்தது, சாமந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து எடுத்த பைரித்ரம். பிறகு டிடிடி வந்தது. 1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது; 1961 வாக்கில் நாடு முழுவதும் சுமார் 50,000 பேருக்கே மலேரியா என்ற நிலை வந்தது. ஆனால் 1950களின் கடைசியிலேயே குஜராத்தில் குலிசிஃபாசிஸ் டிடிடிக்குச் சாகவில்லை என்று தெரிந்துவிட்டது. 1976-இல் நோயாளிகள் 64 லட்சம். மருந்துத் தட்டுப்பாடும் மெத்தனமும் இதற்குக் காரணங்கள்தான். மருந்துக்கு மசியாத கொசுவும் ஒரு காரணம்.

அடுத்து வந்தவை பைரித்ரத்தைப் பார்த்து ஆலையில் செய்த பைரித்ராய்டுகள்: டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவை. 2002-இல் வெளியான ஆய்வொன்று, நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் குலிசிஃபாசிஸ் கொசுவிடம் டெல்டாமெத்ரினின் வீரியம் குறைந்திருப்பதைக் காட்டியது. இது நடப்பது இப்படித்தான். லட்சம் கொசுக்களில் சிலவற்றின் நரம்பு அமைப்பு பிறவியிலேயே சற்று மாறியிருக்கும், அல்லது நஞ்சைச் சிதைக்கும் நொதி கூடுதலாகச் சுரக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட்டு இவற்றை மட்டும் விட்டுவைக்கிறது. அடுத்த தலைமுறை இவற்றின் பிள்ளைகள். டிடிடியும் பைரித்ராய்டும் நரம்பில் ஒரே இடத்தைத் தாக்குவதால், ஒன்றுக்குத் தப்பிய கொசு மற்றதற்கும் தப்பிவிட வாய்ப்புண்டு.

கொசுவலையில் தோய்ப்பதும், வீட்டில் ஏற்றும் சுருளிலும் திரவ மருந்திலும் இருப்பதும், வயலில் பூச்சிக்கு அடிப்பதும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். நமக்கு ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வயலில் தெளித்தது கொசுப் புழு இருக்கும் தண்ணீரில் விழுகிறது. வீட்டுக்குள் வருவதற்கு முன்பே கொசு தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. விவசாயிக்கும் இதனால் லாபமில்லை. நெல்லில் பைரித்ராய்டு அடித்தால் சிலந்தி முதலான நன்மை செய்யும் உயிர்கள் செத்து, புகையான் பூச்சி முன்பைவிட மூர்க்கமாகத் திரும்புகிறது. அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகம் அந்த மருந்தைத் தவிர்க்கச் சொல்கிறது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்காமல் வேளாண் அலுவலரைக் கேட்டு அடியுங்கள், ரசீதும் கேளுங்கள்.

நடவுக்குப் பின் தண்ணீரைத் தேக்கியே வைக்காமல், நம் ஆட்கள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் புழு கொசுவாகும் முன்பே வயல் காய்ந்துவிடும். முறைத் தண்ணீர் ஒழுங்காக வந்தால்தான் இது நடக்கும். தனியொரு விவசாயியால் முடியாது. கசியும் மதகையும் தூர்ந்த வடிகாலையும் பற்றிக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது அந்தச் சபை.

வீட்டுக் கொசு மருந்தில் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன்படிப் பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாத கொசுவர்த்தி ஊதுபத்தியை வாங்காதீர்கள்; என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கொசுவலையை விட்டுவிட வேண்டாம். மருந்து வலுவிழந்தாலும் ஓட்டையில்லாத வலை கடியைத் தடுக்கும், இந்தக் கொசு கடிப்பதும் இரவில்தான்.

புகை அடித்தால்தான் வேலை நடந்தது என்று நாம் நினைக்கிறோம். அந்தப் புகையின் பலன் கொஞ்ச நேரம்தான். எந்த மருந்து அடிக்கிறார்கள், அதற்கு இந்தப் பகுதிக் கொசு சாகிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். சோதனை எளிது. மருந்து தோய்த்த தாள் உள்ள குழாயில் கொசுக்களை ஒரு மணி நேரம் வைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள். 90 சதவீதத்துக்குக் குறைவாகச் செத்தால் எதிர்ப்பு உறுதி என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்புறமும் அதே மருந்தை அடிப்பது பணத்தைக் கரைப்பதுதான்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அதிலும் ராமேஸ்வரம், சென்னை, ஒடிசா போன்ற இடங்களுக்குப் போய்த் திரும்பியவர் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைக்கலாம். வைவாக்ஸ் வகை மலேரியா என்றால் குளோரோகுயின் 3 நாள், கல்லீரலில் பதுங்கும் கிருமிக்கு பிரைமாகுயின் 14 நாள். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் G6PD நொதிக் குறைபாடு உள்ளவருக்கும் பிரைமாகுயின் கூடாது. மற்றவர்கள் மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டாலும் 14 நாளும் விழுங்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் சில மாதங்கள் கழித்து அதே காய்ச்சல் திரும்பும், அந்த வீட்டுக் கொசு அதைப் பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோகும்.