691 என்னும் சல்லடை: கணினி சொன்னால் நிரூபணமா?

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள். பள்ளிக் கண்காட்சிக்கு அட்டை எழுத உட்கார்ந்தவர்கள் பாளையங்கோட்டையிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ராமானுஜனின் டௌ சார்பு (ஒவ்வோர் இயல் எண்ணுக்கும் ஒரு முழு எண்ணைத் தருவது) எங்குமே பூஜ்ஜியமாகாது என்று கணினி நிரூபித்துவிட்டதாமே?

இல்லை. 1947-இல் கணிதவியலாளர் லேமர் எழுப்பிய அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. விழா மலர்களில் வரும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற சொல்லுக்கு, இதுவரை எதிர் உதாரணம் சிக்கவில்லை என்பது மட்டுமே பொருள்.

அப்படியானால் கணினி என்ன செய்தது?

சலித்தது. ஓர் எண்ணின் டௌ மதிப்பும், அதன் வகுத்திகளின் 11-ஆம் அடுக்குகளின் கூட்டுத்தொகையும் 691-ஆல் வகுக்க ஒரே மீதி தரும். டௌ(2) = −24; 1 + 2048 = 2049; வித்தியாசம் 2073, அதாவது 3 × 691. முதல் பூஜ்ஜியம் வந்தால் ஒரு பகா எண்ணில்தான் வரும் என்று லேமரே காட்டிவிட்டார். அந்தப் பகா எண்ணோடு 1 கூட்டினால் 691-ஆல் வகுபட வேண்டும். மற்றதெல்லாம் தள்ளுபடி.

பூஜ்ஜியம் எந்த எண்ணாலும் வகுபடும் என்பதால் 13-ஐயும் சல்லடையாக்கலாம்; ஆனால் 13-க்கு இவ்வளவு எளிய வாய்பாடு கிடையாது. அங்கேதான் பல்லுறுப்புக்கோவைகளின் சமச்சீரை ஆராய்ந்த கணிதவியலாளர் கேலுவா வருகிறார். 14-ஆம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்று அந்தப் பகா எண்ணால் வகுத்த மீதிகளின் கணக்கில் எப்படிக் காரணிகளாக உடைகிறது என்று பார்த்தால், டௌ 13-ஆல் வகுபடுமா என்பது தெரிந்துவிடும். டௌவைக் கணக்கிடவே வேண்டாம். 17, 19-க்கும் இப்படிக் கோவைகளைக் கண்டவர் ஜோஹன் போஸ்மன்.

எனக்கு உறுத்துவது இதுதான்: கோவையின் கெழுக்கள் தசமக் கணக்கில் தோராயமாகக் கிடைத்து, பிறகு ஊகித்துத் திருத்தப்பட்டவை. தராசு முள் ஏறக்குறைய நின்றால் எடை சரி என்கிற கடைக்காரர் கணக்கு.

இந்தக் கோவைகளைக் காப்பாற்றியது கணிதவியலாளர் செர் முன்வைத்த ஊகம்: இத்தகைய சமச்சீர், மட்டம், எடை என்னும் இரு எண்களால் வகைப்படும் ‘முகட்டு வடிவம்’ என்ற சார்பு ஒன்றிலிருந்தே வரும் என்பது. அதன் மட்டம் 1 பகுதியை மும்பைக்காரர் சந்திரசேகர் காரே 2006-இல் நிறுவினார். கோவையின் சமச்சீரைத் துல்லியமாகச் சோதித்து, மட்டம் 1, எடை 12 என்று உறுதிசெய்தால் போதும். அங்கே இருக்கும் முகட்டு வடிவம் ஒன்றே ஒன்று, ராமானுஜனின் டௌவுக்கு உரியது. கோவை வந்த வழி எதுவானாலும் அங்க அடையாளம் பொருந்திவிட்டது.

முழு ஊகம்? காரேயும் வின்டன்பெர்கேவும் நிறுவினர், 2009-இல் அச்சானது.

எதுவரை சலித்தாயிற்று? 2013 கணக்கில் 816212624008487344127999-க்குக் கீழே பூஜ்ஜியம் இல்லை.

 

அட்டையில் என்ன எழுதலாம்? அந்த 24 இலக்க எண்ணை எழுதி, ‘இதற்குமேல் தெரியாது’ என்று முடியுங்கள்.