வேஷம் கலையாத துப்பறிவாளர்

துப்பறியும் நாவலைப் படமாக்க வருபவருக்கு முதல் சிக்கல் முகம். ‘தாடிக்காரர் ஒருவர் வந்தார்’ என்று எழுதிவிட்டு, அவர் யாரென்பதைக் கடைசி அத்தியாயம்வரை நாவலாசிரியர் மறைக்கலாம். திரையிலோ நடிகரின் கண்ணும் குரலும் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் இந்தச் சிக்கலை அழகாகக் கடந்த படம் 1950-இல் வந்த ‘திகம்பர சாமியார்’.

அதன் மூலம் வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் ‘கும்பகோணம் வக்கீல்’ நாவல். அவருடைய ‘மேனகா’ 1935-இலேயே ராஜா சாண்டோ இயக்கத்தில், டி. கே. எஸ். சகோதரர்கள் நடிக்கப் படமாகியிருந்தது. அதே காலத்தில் எழுதிய ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’, ‘மோகனசுந்தரம்’ ஆகியவையும் திரைக்கு வந்தன.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி. ஆர். சுந்தரம் இயக்கிய ‘திகம்பர சாமியா’ரில், பிற்காலத்தில் வில்லனாகப் புகழ்பெற்ற எம். என். நம்பியார்தான் துப்பறிவாளர். வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு வருகிறார். ஒட்டுத்தாடிக்குள் இருப்பவர் யாரென்று கொட்டகையில் இருப்பவர்களுக்குத் தெரியும்; எம். ஜி. சக்கரபாணி நடித்த வக்கீலுக்குத்தான் தெரியாது. ‘யார் இவர்?’ என்ற கேள்வி போய், ‘வக்கீல் எப்போது மாட்டுவார்?’ என்ற தவிப்பு வந்துவிடுகிறது. வக்கீலைத் தூங்கவிடாமல் வைத்தே உண்மையைக் கக்கவைக்கிறார் சாமியார். அந்தக் கண்விழிப்பைச் சாக்காக வைத்து ஆட்டமும் பாட்டும் படத்துக்குள் வந்தன. கதைக்குத் தேவையான இடத்திலேயே பாட்டும் அமைந்தது சுந்தரத்தின் கெட்டிக்காரத்தனம்.

முகச்சிக்கலுக்கு வேறு வழியும் உண்டு. அகதா கிறிஸ்டியின் ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ நாவலை 1974-இல் சிட்னி லூமெட் படமாக்கியபோது, சந்தேகத்துக்குரியவர்களில் பெரும்பாலோராகப் பெரிய நட்சத்திரங்களையே நடிக்கவைத்தார். எல்லாமே தெரிந்த முகங்கள் என்பதால் நடிகரை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாது.

நட்சத்திரமே துப்பறிய வந்தால் கதை அவர் பக்கம் சாயும். சுஜாதாவின் ‘ப்ரியா’ 1978-இல் எஸ். பி. முத்துராமன் இயக்கத்தில் படமானபோது, லண்டனில் நடந்த கதை சிங்கப்பூருக்கு மாறியது. வக்கீல் கணேஷ் ரஜினிகாந்த் ஆனார். மூளையால் வழக்கை அவிழ்ப்பவருக்குப் பாட்டும் சண்டையும் சேர்ந்தன. நாவலைப் படித்தவர்கள் தேடிய கணேஷ் அதில் குறைவு. வடுவூராரின் சாமியாரோ எத்தனை வேஷம் மாறினாலும் துப்பறிவாளராகவே இருந்தார்.