பழம்பொருள் சந்தையில் ஓர் உளி: தோட்டக் கருவிகளும் தொழிற்சொற்களும்

மலேசியத் தமிழரின் தொழில்சார் சொற்களைத் தொகுக்க முற்படுவோர் பெரும்பாலும் சிறுகதைகளையும் புதினங்களையும் தோட்டப்புறப் பாடல்களையுமே தம் மூலங்களாகக் கொள்கின்றனர். அச்சொற்கள் குறித்த பொருள்கள் இன்று எங்கே உள்ளன என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. சில அருங்காட்சியகங்களில் உள்ளன. சில வீடுகளின் பின்கட்டில் கிடக்கின்றன. கணிசமானவை பழம்பொருள் சந்தைகளில், தரையில் விரித்த தார்ப்பாயின்மீது, பழைய கடிகாரங்களுக்கும் திருகாணிப் பெட்டிகளுக்கும் நடுவே விலைக்கு வந்துள்ளன. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாக அச்சந்தைகளில் யான் கைக்கருவி தேடிய பட்டறிவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

பினாங்கு நகர விளையாட்டரங்கை ஒட்டிய லோரோங் கூலிட் சந்தை காலை நேரத்துக்குரியது. வெயில் ஏறியபின் செல்வோர்க்குக் கழிபொருளே மிஞ்சும். சிங்கப்பூரின் சுங்கை சாலைச் சந்தை 1930களில் தோன்றியது. திருடர் சந்தை என மக்கள் வழங்கிய அது 2017 சூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. அங்கே பொருள் கொணர்ந்தோருள் வீடுவீடாகப் பழம்பொருள் வாங்கும் காராங்குனிக்காரர்களும் உண்டு. தீவகற்பத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் வெளியேறியபோது, லயங்களில் எஞ்சியவற்றைப் பழைய இரும்பு வாங்குவோர் அள்ளிச் சென்றனர். அவற்றுள் வாளியும் இரும்புக் கம்பியும் எடைக்குப் போயின. உளி போன்ற சிறு கருவிக்கு எடை இல்லை. ஆதலின் அது உருக்குலைக்குத் தப்பிச் சந்தைக்கு வந்து சேர்ந்தது.

அவ்வாறு வந்தவற்றை விற்போர்க்கு அவற்றின் பெயர் தெரிவதில்லை. பால் சேரும் பீங்கான் கோப்பையைச் சாம்பல் கிண்ணம் என்பர். முதலை முத்திரை பொறித்த மண்வெட்டியை மட்டும் எவரும் தவறாகக் கூறுவதில்லை, அது இன்றும் பயன்படுவதால். ரப்பர் உளியையோ மரச்செதுக்குக் கருவி என்றே பலர் விற்கின்றனர். இப்பிழையை நாம் எள்ளுதற்கில்லை. யானே அதினும் பெரியதொரு பிழையை அச்சேற்றியவன்.

அதனை விளக்கும் முன்னர் மரம் வெட்டும் முறையைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். 1877இல் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் அங்குத் தாவரவியல் தோட்டப் பொறுப்பேற்ற ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி, மரத்தைக் கொத்திப் புண்படுத்தாது பட்டையை மெல்லியதாகச் சீவி மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். பிரேசிலில் வழங்கிய சிறு கோடரி இங்கே உளிக்கு இடம் தந்தது இம்மாற்றத்தால்தான். ஒருமுறை சீவும் பட்டையின் அளவு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். பாற்குழல்கள் மிகுந்திருப்பது பட்டையின் உட்பகுதியில். அதற்கு அடுத்து உள்ளது கேம்பியம் எனப்படும் வளர்திசு. அதனைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, மீளவளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகும். பாற்குழல்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்டு அமையும். விடியலுக்கு முன் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும். பாலும் நெடுநேரம் ஒழுகும். இருளில், தலையில் விளக்கோடு, ஒரு மில்லிமீட்டரைக் கையாலேயே அளந்த தொழில் இது. இதனைத் திறன்சாராத் தொழில் என வகைப்படுத்திய ஆவணங்களை நம் மாணவர் இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர்.

இனி என் பிழை. சில ஆண்டுகளுக்கு முன் லோரோங் கூலிட்டில் ஓர் உளியை வாங்கினேன். வழக்கமானதினும் முனை குவிந்து, பிடி செருகும் குழாய்ப் பகுதி நீண்டு இருந்தது. அப்பகுதியைச் சுற்றிக் கரிய பிசுக்கும் நைந்த துணியும் ஒட்டியிருந்தன. வீட்டுக்குக் கொணர்ந்ததும் அவற்றைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அதன்பின், நாற்பதாண்டுக் காலம் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு மூதாட்டியிடம் காட்டினேன். அவர் அதனைக் கையில் வாங்கியவுடன் பிடிக்கவில்லை. முனையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இது இழுக்கிற உளி இல்ல. தள்ளுற உளி. மேல வெட்டுறதுக்கு. நீளக் கம்பு போட்டிருப்பாங்க. கம்பு ஆடாம இருக்கத் துணி சுத்தியிருப்பாங்களே, அது எங்க?”

யான் விடை கூறவில்லை.

மலாயாவில் பரவலாக வழங்கிய ஜெபோங் வகை உளி, வெட்டுவோர் தம்மை நோக்கி இழுப்பது. அதனையே அறிந்திருந்த யான், முன்னர் வெளியிட்ட சொற்றொகுதியொன்றில், ‘உளி: இழுத்துப் பட்டை சீவும் கருவி’ எனப் பொருள் எழுதியிருந்தேன். எழுத்து மூலங்களில் உளி என்னும் பெயர்ச்சொல் நூற்றுக்கணக்கான இடங்களில் வருகின்றது. அதனைக் கொண்டு இழுத்தனரா தள்ளினரா என்பதை எழுத்தாளர் எவரும் விளக்க முற்படவில்லை. அறிந்த வாசகர்க்கு அது வேண்டியதில்லை அன்றோ?

மூதாட்டியின் சொல் வேறொரு செய்தியையும் திறந்தது. பாதிச் சுற்றளவாக ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையில், அடிமரத்தின் இரு பக்கப் பட்டையும் ஒருமுறை தீரப் பத்தாண்டுகள் கடக்கும். பின்னர் மீளவளர்ந்த பட்டையிலும் வெட்டு நடைபெறும். அதுவும் தளர்ந்த பின்னரே மேல்மரத்துக்குச் செல்வர். முன்னாளில் ஏணி வைத்தும், பிற்காலத்தில் நீண்ட கழியில் உளி பூட்டிக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளியும் வெட்டினர். ஆகவே தள்ளுளி ஒரு நிரையின் முதுமைக்குரிய கருவி. அதன்பின் மரங்கள் வீழ்த்தப்படும். மறுநடவில் பல தோட்டங்களில் வந்தது செம்பனை. என் மேசைமீது கிடந்தது ஒரு தோட்டத்தின் கடைசி ஆண்டுகளில் வழங்கிய கருவியாதல் கூடும். எந்தத் தோட்டம் என்பதை யான் கேட்டிருக்க வேண்டியது விற்றவரிடம். விலை குறைப்பதிலேயே அன்று என் கருத்து இருந்தது.

இங்கிலாந்தில் முனைவர்ப் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த நாளில், அந்நாட்டுச் சந்தைகளில் பழைய இழைப்புளிகளைக் கண்டதுண்டு. அவற்றை ஆண்ட தச்சர் தம் பெயரைக் கட்டையின் முகப்பில் அச்சாகக் குத்தி வைத்திருப்பர். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பெயர்கள் இருந்தனவும் உள. நம் உளிகளில் பெயர் இல்லை. ஆண்டவரை அறிய எஞ்சுவன பிடியின் தேய்வும், தீட்டித் தீட்டிக் குறுகிய அலகும், சுற்றிய துணியும், உறைந்த பாலுமே. அழுக்கு என்று நாம் அகற்றுவதில்தான் சான்று இருக்கின்றது. வாங்கிய நாள், இடம், எவ்வூரிலிருந்து வந்தது என்று விற்பவர் கூறியது ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுதலும், துடைக்காமல் அப்படியே முதியோரிடம் எடுத்துச் செல்லுதலும் பின்னர் என் வழக்கமாயின.

தமிழாசிரியர்க்கு இதனால் விளையும் பயன் பெரிது. ‘காண்டா வாளி’ என்பதைப் பாடநூற் கதையில் படிக்கும் மாணவர் அதனை ஒருவகை வாளி என்று கடந்து செல்வர். கழியைத் தோளில் வைத்துக் காட்டினால், காண்டா என்பது அக்கழியின் சுமையைச் சுட்டும் ‘கண்டார்’ என்னும் மலாய்ச் சொல்லோடு உறவுடையது என்பதும், நாசி கண்டார் என்னும் உணவுப் பெயரில் உள்ளதும் அதுவே என்பதும் தாமே விளங்கும். கோப்பையைக் கையில் கொடுத்து, மங்கு என்னும் பெயரை மலாய் ‘மங்கோக்’கோடு ஒப்பிடச் செய்யலாம். ஆயினும் பெயர்களைவிட வினைகளே விரைந்து மறைகின்றன. கருவியைக் காட்டி ‘இதன் பெயர் என்ன?’ என்று கேட்டால் முதியோர் ஒரு சொல்லோடு நிறுத்துவர். ‘இதை வைத்து என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் கை முதலில் அசையும், சொல் பின்தொடரும். சீவுதல், தள்ளுதல், தீட்டுதல், ஒட்டுப்பால் உரித்தல் என வந்தவை யாவும் அவ்வாறு கிடைத்தனவே.

அவ்வுளி இப்போது ஓர் அட்டைப் பெட்டியில், சீட்டொன்று கட்டப்பட்டு உள்ளது. சீட்டில் ‘தள்ளுளி, மேல்மரம் வெட்ட’ என்று திருத்தி எழுதியிருக்கின்றேன். ஊர், தோட்டம், துணி என்னும் மூன்று வரிகளும் வெற்றாக உள்ளன.